ரூட் பாஸ்வேர்டை ஏற்கிறது, ஆனால் கட்டளையைக் காணவில்லை என்கிறது (டெபியன் 12)

ஆலைக்கணக்கு:

வணக்கம். பரந்தனுக்குக் கிட்ட ஓர் அரிசி ஆலையில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கணனிக்கென்று தனியாகப் படித்தவள் இல்லை. போனில் இருந்து எழுதுவதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். மொழியை மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமை இல்லை. நீங்களும் அப்படியே பதில் எழுதினால் எனக்கு வாசிக்க வசதி.

2018இல் என் மருமகன் (தம்பியின் மகன்) ஆலைக் கணனிக்கு டெபியன் 9 (விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் வகை ஒன்று) போட்டுத் தந்தான். வெளிநாடு போகுமுன் 80 தாள் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிவைத்தான். முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால், "மாமி, இதில் இல்லாத ஒன்றையும் அடிக்க வேண்டாம்" என்று இருக்கிறது. நானும் அடித்ததில்லை. கொப்பியின் ஆறாம் பக்கம், புதிய ஆளைச் சேர்ப்பது. கறுப்புத் திரையைத் திறந்து எஸ்யூ என்று அடிக்க வேண்டும், ரூட் (கணனியின் நிர்வாகி) பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டும் ("அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம்" என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறான்), பிறகு ஆட்யூசர், ஓர் இடைவெளி, ஆளின் பெயர். இந்தப் பக்கத்தை வைத்து இதுவரை மூன்று பேரைச் சேர்த்திருக்கிறேன்.

சென்ற மார்கழியில் இடி மின்னலுக்குப் பழைய கணனி போய்விட்டது. வன்தட்டு மட்டும் தப்பியது. கிளிநொச்சி ரவுணில் ஒரு கடையில் பாவித்த கணனி ஒன்று வாங்கி, டெபியன் 12 போட்டு, பழைய கோப்புகளையும் மாற்றித் தந்தார்கள். கணக்கு எல்லாம் சரியாகத் திறக்கிறது.

இப்போது காலபோக அறுவடை. வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில் நிற்கின்றன. திங்கட்கிழமை ஒரு பிள்ளை புதிதாக வேலைக்கு வருகிறாள், அவளுக்குக் கணக்குத் திறக்க வேண்டும். கொப்பிப்படி எஸ்யூ அடித்தேன், பாஸ்வேர்ட் கொடுத்தேன். பிழையான பாஸ்வேர்ட் என்றால் "ஒதென்டிகேஷன் ஃபெயிலியர்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும், அது எனக்குப் பழக்கம். இந்தமுறை அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் நிற்கும் $ அடையாளம் # ஆக மாறியது. அதாவது உள்ளே விட்டுவிட்டது. ஆனால் ஆட்யூசர் என்று அடித்ததும்:

பாஷ்: ஆட்யூசர்: கொமாண்ட் நொட் ஃபவுண்ட்

எழுத்துப் பிழையோ என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து ஒன்பது தரம் அடித்தேன். அதே பதில். யூசர்மொட் அடித்தாலும் இல்லை. ரீபூட் அடித்தாலும் இல்லை. எல்எஸ் (கோப்புகளின் பெயர்களைக் காட்டுவது), டேட் (திகதி) இரண்டும் மட்டும் வேலை செய்கின்றன. கொழும்பில் இருக்கும் ஒருவர் "முன்னால் சூடோ போடுங்கள், கட்டளை ரூட்டின் அதிகாரத்தோடு நடக்கும்" என்றார். போட்டேன். "சூடோ: கொமாண்ட் நொட் ஃபவுண்ட்" என்றது. உதவிக்கு அழைத்தவரையே காணவில்லையாம்.

கடையில் கேட்டால் "லினக்ஸை விட்டுப்போட்டு விண்டோஸ் போடுங்கோ அக்கா" என்கிறார்கள். மருமகனுக்கு இரவு வேலை. நான் விழித்திருக்கும் நேரம் அவன் வேலையில் நிற்பான், அல்லது நித்திரை. இதற்காக எழுப்ப மனமில்லை. கடையில் அரைகுறையாகப் போட்டுத் தந்தார்களா, கொப்பி பிழையா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:

அக்கா, இரண்டும் இல்லை. கணனியும் முழுதாக இருக்கிறது, கொப்பியும் எழுதிய நாளில் சரியாகத்தான் இருந்தது. நடுவில் டெபியன் மாறிவிட்டது.

முதலில் எக்ஸிட் அடித்து வெளியே வாருங்கள். பிறகு எஸ்யூ அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போடுங்கள். இப்படி:

எஸ்யூ -

அதே ரூட் பாஸ்வேர்ட். பிறகு கொப்பியில் உள்ளபடி ஆட்யூசர். வேலை செய்யும்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் ஒரு கட்டளையை அடித்தால் கணனி முழு வன்தட்டையும் தேடுவதில்லை. பாத் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் இடங்களில் மட்டும், எழுதியிருக்கும் ஒழுங்கில் தேடும். அங்கே இல்லையென்றால் "நொட் ஃபவுண்ட்" என்று கையை விரித்துவிடும். பொருள் பக்கத்து அறையில் இருந்தாலும் அப்படித்தான். எக்கோ $பாத் என்று அடித்துப் பாருங்கள் (பாத் நான்கும் பெரிய எழுத்து). சாதாரண ஆளாக இருக்கும்போது டெபியனில் இப்படி வரும்:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்:/யூஎஸ்ஆர்/லோக்கல்/கேம்ஸ்:/யூஎஸ்ஆர்/கேம்ஸ்

விளையாட்டுகளுக்குக்கூட இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பாருங்கள். ஆனால் நிர்வாகியின் கட்டளைகள் இருக்கிற இடம் /யூஎஸ்ஆர்/எஸ்பின். அது இந்தப் பட்டியலில் இல்லை. ஆட்யூசர், யூசர்மொட், ரீபூட் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. எல்எஸ்ஸும் டேட்டும் /யூஎஸ்ஆர்/பின்னில் இருப்பதால் அவை மட்டும் உங்களுக்கு அகப்பட்டன.

கோடு இல்லாமல் எஸ்யூ அடித்தால் நீங்கள் ரூட் ஆகிவிடுவீர்கள், ஆனால் பட்டியல் உங்களுடைய பழைய பட்டியல்தான். முதலாளியின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, எது எந்த அறையில் இருக்கிறது என்ற அவருடைய துண்டை வாங்காமல் போன மாதிரி. கோடு போட்டால் ரூட் புதிதாக உள்ளே வந்த மாதிரி எல்லாம் அவருடையதாக மாறும், பட்டியல் உட்பட.

டெபியன் 9இல் இருந்த எஸ்யூ வேறொரு தொகுப்பில் இருந்து வந்தது. கோடு இல்லாவிட்டாலும் அது பட்டியலை மாற்றிக் கொடுத்தது. 2019 யூலையில் வந்த டெபியன் 10இல் இருந்து யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் எஸ்யூவைப் பாவிக்கிறார்கள். அது பாத்தைத் தொடுவதில்லை. உங்கள் மருமகன் எழுதியது 2018. அவரை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கோடு போட்டு உள்ளே போனால் நீங்கள் நிற்கிற ஃபோல்டரும் ரூட்டின் வீட்டுக்கு மாறிவிடும். எல்எஸ் அடித்தால் உங்கள் நெல் கணக்கு ஒன்றும் தெரியாது. அழிந்துவிட்டது என்று பதறாதீர்கள். எக்ஸிட் அடித்தால் பழைய இடத்துக்கே வருவீர்கள்.

கறுப்புத்திரை:

இவ்வளவு எதற்கு? பாத்=/யூஎஸ்ஆர்/எஸ்பின் என்று ஒரு வரி அடித்துவிட்டு வேலையைப் பாருங்கள். டேர்மினல் (கறுப்புத் திரை) திறக்கும்போதெல்லாம் வாசிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் போட்டால் நிரந்தரம்.

நெடுங்கேணி:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அக்கா. அந்த வரி பட்டியலில் சேர்க்காது. பழைய பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு எஸ்பினை மட்டும் வைக்கும். அதற்குப் பிறகு ஆட்யூசர் கிடைக்கலாம், எல்எஸ் கிடைக்காது.

அனுபவத்தில் சொல்கிறேன். படிக்கிற காலத்தில் இதே வரியைப் பாஷ்ஆர்சியில் போட்டேன். மறுநாள் டேர்மினலைத் திறந்தால் எல்எஸ் இல்லை, நானோ இல்லை, கேட் இல்லை. கணனி செத்துவிட்டது என்று நினைத்து முழுவதையும் அழித்து மறுபடி போட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. /யூஎஸ்ஆர்/பின்/நானோ என்று முழுப் பாதையோடு அடித்துக் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியை அழித்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அது தெரிய எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

சேர்க்க வேண்டுமென்றால் பழையதையும் கூட வைத்துச் சேர்க்க வேண்டும்: பாத்=$பாத்:/யூஎஸ்ஆர்/எஸ்பின். ஆனால் உங்களுக்கு இது தேவையே இல்லை. மாங்குளத்தார் சொன்ன கோடு போதும். அவசரத்துக்கு, ரூட்டாக இருக்கும்போது /யூஎஸ்ஆர்/எஸ்பின்/ஆட்யூசர் என்று முழுதாக அடித்தாலும் நடக்கும். முழுப் பாதையைக் கொடுத்தால் கணனி பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

கொப்பியை மாற்ற விருப்பமில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. /ஈடிசி/டீஃபோல்ட்/எஸ்யூ என்று புதிதாக ஒரு கோப்பு உருவாக்கி, அதில் ஓல்வேய்ஸ்_செட்_பாத் யெஸ் என்று ஒரு வரி. (கடைசிச் சொல்லைத் தவிர மிச்சம் எல்லாம் பெரிய எழுத்து.) பிறகு வெறும் எஸ்யூவும் பழையபடி நடக்கும்.

ஆலைக்கணக்கு:

தம்பிமார் இருவருக்கும் நன்றி. ஆனால் சரிவரவில்லை. இப்போது புதுப் பிழை. எஸ்யூ அடித்து, இடைவெளி விட்டு, கோடு போட்டேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை. "யூசர் – டஸ் நொட் எக்ஸிஸ்ட்" என்று தொடங்கி நீளமாக ஏதோ சொல்கிறது. கோடு என்ற பெயரில் ஆள் இல்லையாம்! அப்படி ஓர் ஆளை யார் கேட்டது?

மாங்குளத்தான்:

அக்கா, விசைப்பலகையில் நேரே அடித்தீர்களா, எங்கிருந்தாவது பிரதி எடுத்து ஒட்டினீர்களா?

ஆலைக்கணக்கு:

ஒட்டினேன். கொப்பிக்குப் பதிலாக இனிமேல் வடிவாக அச்சடித்து வைப்போம் என்று லிப்ரே ஒஃபிஸில் படிப்படியாக எழுதினேன். அதிலிருந்து எடுத்துத்தான் கறுப்புத் திரையில் போட்டேன்.

மாங்குளத்தான்:

அதுதான். ஒஃபிஸில் ஒரு சொல், இடைவெளி, சிறு கோடு, இடைவெளி, அடுத்த சொல் என்று அடித்தால் அது தானாகச் சிறு கோட்டை நீளக் கோடாக மாற்றிவிடும். கடிதத்தில் பார்க்க அழகு. எஸ்யூவுக்கு அது கோடே இல்லை. ஏதோ ஓர் எழுத்து, ஆகவே ஓர் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மேலே ஒட்டிய பிழையிலேயே கோடு நீளமாகத்தான் நிற்கிறது.

கையால் அடியுங்கள். பூச்சியத்துக்குப் பக்கத்தில் உள்ள விசை.

ஆலைக்கணக்கு:

சரிவந்தது!! ஆட்யூசர் பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் இரண்டு தரம் கேட்டது, அறை இலக்கம், தொலைபேசி என்று வழக்கம்போல் தேவையில்லாததெல்லாம் கேட்டது. எல்லாவற்றுக்கும் என்டர் அடித்துக்கொண்டு போனேன். பிள்ளையின் கணக்குத் தயார்.

நெடுங்கேணித் தம்பி, அந்த ஓல்வேய்ஸ் வரியைப் போடவில்லை. அடுத்த இடிக்கு இந்தக் கணனியும் போனால் அந்த வரியும் கூடப் போய்விடும். கொப்பி கணக்கறை இறாக்கையில் இருப்பது. ஆகவே ஆறாம் பக்கத்தில் அவன் எழுத்துக்குப் பக்கத்திலேயே பச்சைப் பேனையால் கோட்டைச் சேர்த்தேன், "கையால் அடிக்கவும்" என்றும் எழுதினேன்.

இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, சூடோ ஏன் இல்லை, எனக்கு அது வேண்டுமா? மற்றது கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் இரவு 9 மணிக்குக் கணக்கைப் பென்ட்ரைவுக்குப் பிரதி எடுக்கும்படி மருமகன் செய்திருந்தான். நெல்பிரதி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறான். கொப்பியின் 14ஆம் பக்கத்தைப் பார்த்துப் புதிய கணனியிலும் நானே போட்டேன். இன்று பென்ட்ரைவைத் திறந்தால், கடைசிப் பிரதி மார்கழி மாதத்தோடு நிற்கிறது. ஆனால் நானே ரூட்டாகப் போய் நெல்பிரதி என்று கையால் அடித்தால் உடனே பிரதி எடுக்கிறது.

நெடுங்கேணி:

சூடோ: டெபியனை நிறுவும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்தால் அது சூடோவைப் போடாது. பாஸ்வேர்ட் கொடுக்காமல் வெறுமையாக விட்டால்தான் ரூட்டைப் பூட்டிவிட்டு, சூடோவைப் போட்டு, முதல் ஆளுக்கு அதிகாரம் கொடுக்கும். கடையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உபுண்டுக்காரர் எல்லோரும் "முன்னால் சூடோ போடு" என்று சொல்வது அவர்களிடம் அது எப்போதும் இருப்பதால்.

வேண்டுமென்றால் எஸ்யூ கோட்டோடு உள்ளே போய், ஏபிடி இன்ஸ்டோல் சூடோ. பிறகு ஆட்யூசர், உங்கள் பெயர், சூடோ. இது புதிய ஆளைச் சேர்க்காது, உங்களைச் சூடோ குழுவில் சேர்க்கும். ஒருமுறை முழுதாக வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் பிடிக்கும். பலர் யூசர்மொட் -ஏஜீ என்று சொல்லித் தருவார்கள். அதுவும் சரிதான், ஆனால் அந்தச் சின்ன ஏ விடுபட்டுப் பெரிய ஜீ மட்டும் நின்றால், நீங்கள் சேர்ந்திருந்த மற்றக் குழுக்களில் இருந்து உங்களை விலக்கிவிடும். நாளைக்கு வேறொன்று வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பீர்கள்.

என்னைக் கேட்டால், ஆலையில் ரூட் வேலை செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான். எஸ்யூ - போதும். இரண்டாவது ஆள் வந்தால் பாஸ்வேர்டைப் பகிராமல் சூடோ போடுங்கள்.

பிரதி விஷயம்: கொப்பியின் 14ஆம் பக்கத்தில் உள்ளதை அப்படியே இங்கே எழுதுங்கள். ஒரு வரியும் விடாமல்.

ஆலைக்கணக்கு:

இரண்டு வரி. முதல் வரி:

பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்:/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/யூஎஸ்ஆர்/பின்:/எஸ்பின்:/பின்

இரண்டாவது:

0 21 * * * நெல்பிரதி

உண்மையைச் சொல்கிறேன். இரண்டாவதைத்தான் போட்டேன். 21 என்றால் ஒன்பது மணி என்று அவன் சொல்லித் தந்தது ஞாபகம் இருந்தது. முதல் வரி என்னத்துக்கென்று அப்போது விளங்கவில்லை, வெறும் கோடும் புள்ளியுமாக இருந்தது, விட்டுவிட்டேன். இப்போது எழுதும்போதுதான் பாத் என்ற சொல்லையே பார்க்கிறேன்.

நெடுங்கேணி:

அக்கா, பாதி நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நேரத்துக்கு வேலை செய்கிற குரோன், நீங்கள் உள்ளே போகும்போது கிடைக்கும் பட்டியலைப் பார்ப்பதில்லை. குரோன்டாபில் (நேரத்தையும் கட்டளையையும் எழுதிவைக்கும் அதன் கோப்பு) நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்குத் தெரிந்தது /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு இடம் மட்டும். நெல்பிரதியை அவர் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். டைப் நெல்பிரதி என்று அடித்துப் பாருங்கள், இடத்தைச் சொல்லும். கையால் அடித்தால் கிடைக்கிறது, குரோனுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு "நொட் ஃபவுண்ட்" என்று கத்திவிட்டுப் போயிருக்கும். குரோன் அந்தக் கத்தலைக் கணனிக்குள்ளேயே ஒரு மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். அதை எடுத்துச் செல்லும் மென்பொருள் இல்லாத கணனியில் குப்பையில் போட்டுவிடும். அதனால்தான் இரண்டு மாதமாக உங்கள் காதுக்கு எட்டவில்லை.

எஸ்யூ - அடித்து உள்ளே போய், குரோன்டாப் -ஈ அடித்து, முதல் வரியை மேலே போடுங்கள். அதோடு விடாமல் இரண்டாவது வரியிலும் நெல்பிரதிக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். ஒன்று தவறினாலும் மற்றது பிடிக்கும். 9 மணி வரை காத்திருக்க வேண்டாம், பத்து நிமிடத்துக்குப் பிந்திய நேரம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பென்ட்ரைவைச் செருகி வைத்துவிட்டு, சரியா.

வவுனியா மாணவன்:

இதில் இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே செய்தி, ஆனால் உபுண்டு 20.04. சூடோ சிடி /ரூட் அடித்தால் "சூடோ: சிடி: கொமாண்ட் நொட் ஃபவுண்ட்". சூடோ எல்எல் அடித்தாலும் அப்படித்தான். எக்கோ $பாத்தில் எஸ்பின் எல்லாம் இருக்கிறது.

மாங்குளத்தான்:

தம்பி, உங்களுடையது வேறு வருத்தம். சிடி (ஃபோல்டர் மாறும் கட்டளை) ஒரு கோப்பு இல்லை, நீங்கள் அடிப்பதை வாசித்து நடத்தும் பாஷின் உள்ளேயே இருக்கிற வேலை. எல்எல் ஒரு செல்லப் பெயர். சூடோ தேடுவது கோப்பை. அதனால் எத்தனை இடத்தைப் பட்டியலில் சேர்த்தாலும் கிடைக்காது. சூடோ -ஐ அடித்து ரூட்டாக உள்ளே போய், பிறகு சிடி அடியுங்கள். எல்எல்லுக்குப் பதில் சூடோ எல்எஸ் -எல்.

இன்னொன்று, சூடோவும் உங்கள் பாத்தைப் பார்ப்பதில்லை. சூடோவர்ஸ் கோப்பில் செக்கியூர்_பாத் என்று தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு ஃபோல்டரில் நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் சூடோ போட்டால் மறைந்துபோவதும் அதனால்தான். முழுப் பாதை கொடுங்கள், அல்லது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வையுங்கள். அந்தக் கோப்பைத் திருத்தத்தான் வேண்டுமென்றால் பிழை பார்த்துச் சேமிக்கும் விசூடோ வழியாக மட்டும். நேரே நானோவில் திறந்து ஓர் எழுத்துப் பிழை விட்டால், அதைத் திருத்த சூடோவே உங்களுக்கு இருக்காது.

ஆலைக்கணக்கு:

10.40க்கு என்று போட்டு, கணனிக்கு முன்னால் பிளேன்ரீயோடு காவல் இருந்தேன். 10.40க்குப் பென்ட்ரைவின் லைற் மினுங்கியது. இன்றைய திகதியில் பிரதி வந்துவிட்டது. நேரத்தை மறுபடி 21 ஆக்கிவிட்டேன்.

மருமகன் இப்போதுதான் எழும்பி இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறான். முதல் அரை நிமிடம் சிரிப்பு. பிறகு, முதல் பக்கத்துச் சிவப்பு வரியில் "இதில் உள்ள ஒன்றையும் விடவும் வேண்டாம்" என்று சேர்க்கட்டாம்.